சன்ஷேடில் ஒரு குட்டி

ஜூலை 7, திங்கள்
புழுக்கம். காட்டாங்குளத்தூர் போய்ச் சேர்வதற்குள் புடவை நனைந்துவிட்டது. ஜூவாலஜி செகண்ட் இயருக்கு அசைன்மென்ட்: புள்ளிமான், நாட்டுக் குரங்கு, ஒப்பிடுக. உலகச் சிவப்புப் பட்டியலில் மானுக்குக் கவலையில்லை, குரங்குதான் அழியும் ஆபத்தில் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. "தாம்பரம் ஃபுல்லா குரங்குதானே மேம்!" ஒரே சிரிப்பு.
வீட்டு வாசலில் அசோசியேஷன் செக்ரட்டரி. குரங்கு பிடிக்க ஆள் வரவழைக்கணும், எல்லா ஃபிளாட்டும் கையெழுத்து. அத்தை போன வாரம்தான் குரங்கு கீறி ஊசி போட்டுக்கொண்டவர். "போடேம்மா, இதுல என்ன யோசனை?" போட்டேன். பாடம் நடத்திய அதே பேனா. வெட்கக்கேடு.

ஜூலை 9, புதன்
மேகமூட்டம். வாங்கணும்: ரவை, அத்தைக்கு பி.பி. மாத்திரை.
குரங்கு பிடிப்பவர் வந்துவிட்டார். மொட்டை மாடியில் கூண்டு, உள்ளே வாழைப்பழம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தாய் உள்ளே, குட்டி எங்கள் சன்ஷேடில். மற்றதெல்லாம் ஓட்டம்.
"அண்ணா, குட்டி இருக்கு. தாயை விட்டுடுங்க."
"இன்னா மேடம், பேஜார் பண்றீங்கோ. நீங்களும்தான கையெத்து போட்டுகிறீங்க. காட்டுலதான் வுடுவோம்."
எந்தக் காடு? வண்டி போயே போய்விட்டது.
போன மாசம் ஒரு புள்ளிமான் வழி தவறித் தெருவுக்குள் வந்தது. அன்று இதே செக்ரட்டரி வாளியில் தண்ணீர் வைத்து, நாய்களை விரட்டிக்கொண்டு காவல் நின்றார். இன்று அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் "அப்பாடா" என்று போட்டுக் கீழே மூன்று பூ.

ஜூலை 10, வியாழன்
தூறல். குட்டி அங்கேயே. பால் தொடவில்லை. பழம் நீட்டினேன், பின்னால் நகர்ந்தது. பழம் என்றால் கூண்டு என்று அதற்கும் தெரிந்துவிட்டது. அழுதேன்.
வனத்துறை உதவி எண்: "தாய் எங்கன்னு சொல்லுங்க மேடம், சேர்த்துடலாம்." பிடித்தவர் போன் ஸ்விட்ச் ஆஃப். லீவ் போட்டேன். அத்தை ஜன்னலை விட்டு அசையவில்லை. "நான்தாம்மா உன்னைக் கையெழுத்து போடச் சொன்னேன்."

ஜூலை 11, வெள்ளி
வெயில். காலை ஏழுக்குக் குரங்கு பிடித்தவரே கூப்பிட்டார். நல்ல மனுஷன், நேற்று மனசுக்குள் அவரைத் திட்டியதற்கு மன்னிப்பு.
"இன்னும் காட்டுக்கு அனுப்பல மேடம், ஷெட்டுலதான் கீது. நாலு ஏரியாவுல புடிச்சது, ஒண்ணா கீது. உங்க வூட்டுது எதுன்னு சொல்லு, இட்டாந்துடறேன். காது கிழிசல், வாலு அறுந்தது, எதனா அடையாளம்?"
இரண்டு வருஷமாகத் தினம் பார்த்த குரங்கு. யோசித்தேன், யோசித்தேன்.
"தலையில குல்லா மாதிரி முடி இருக்கும்ண்ணா."
"அல்லாத்துக்கும் அப்டித்தான் மேடம் கீது."
குட்டி கத்த ஆரம்பித்துவிட்டது.