பால்கஞ்சி கேட்ட துறவி

என் கண்ணே,

நேற்று நீ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தியதிலிருந்து மருத்துவர்கள் என்னை உன் அறைக்குள் விடவில்லை. லூவன் மருத்துவமனையின் நடைக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

“பட்டினிதான் தெய்வக் காதல்னு நீதானேம்மா புத்தகத்துல எழுதுன? இப்ப மட்டும் ஏன் அழுற?” என்றாயே.

எழுதினேன்தான். தன் தரிசனங்களைப் பழைய டச்சு மொழியில் எழுதிய துறவி லைஸ்பெத், உண்ணாமலே இறைவனில் கலந்தாள் என்று முடித்தேன். பல்கலைக்கழகமே கைதட்டியது.

அவள் சுவடியின் முடிவில், கூட இருந்த மடத்துச் சகோதரி ஒரு வரி சேர்த்திருந்தாள். என் வாதத்துக்கு இடைஞ்சல் என்று அதை விட்டுவிட்டேன். சாகும் அன்று லைஸ்பெத் அவள் கையைப் பிடித்து, “பசிக்குதுடி, கொஞ்சம் பால்கஞ்சி குடு” என்றாளாம். காய்ச்சிக் கொண்டுவருவதற்குள் போய்விட்டாளாம்.

என் மடியில் பால்கஞ்சி சூடாக இருக்கிறது. கேட்டுவிடு, கண்ணே.

கதவுக்கு இந்தப் பக்கம்,
அம்மா