என் மேசைக்கு வந்த கருவாடு

அன்புள்ள அம்மாவுக்கு மகள் அவுவோர் வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். இந்த நியாஹுருரு மலையூர்க் குளிரும் பழகிவிட்டது.

எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் முகமெல்லாம் வாடிக் கிடக்கிறது என்று தலைமையாசிரியர் சீட்டுக் குலுக்கினார். ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அதில் பெயர் வருகிறவருக்கு மாதம் முழுக்க ரகசியமாகப் பரிசு வைக்க வேண்டும். எனக்கு என் பெயரே வந்தது. சொல்லக் கூச்சப்பட்டு, என் மேசையில் நானே பிஸ்கட் வைத்துக்கொண்டேன்.

"மீன்காரி டீச்சர், உன் ஆளு பலமாத்தான் கவனிக்கிறாரு!" என்று பக்கத்து மேசை ஞாம்புரா கேலி செய்தாள். ஏரிக்கரைக்காரி என்பதால் இங்கே எனக்கு அந்தப் பெயர்.

நேற்று மேசையில் ஒரு பொட்டலம். நம் ஏரிக் கருவாடு! சத்தியமாக நான் வைக்கவில்லை. இங்கே மீனைத் தொடுகிறவர்களே கிடையாது. யாராக இருக்கும்?

மணி அடித்துவிட்டது. கருவாடு இரண்டு பொட்டலம் அனுப்பு அம்மா. ஒன்று எனக்கு. இன்னொன்று இதை வைத்தவருக்கு; அது யாரென்றுதான் தெரியவில்லை.

உன் மகள்,
அவுவோர்