சுலக்சனின் படமும் மத்தியானச் சோறும்

மனோகரி,

குறிகட்டுவான் துறையில் இன்றைக்கும் படகுக்குச் சீமெந்து ஏற்ற வேண்டும். முதல் பஸ்ஸில் போகிறேன். தோள் இன்னும் நோகிறது.

மத்தியானம் உம்முடைய அக்காவின் மகன் சுலக்சன் வருவான். "வந்தால் கதவைத் திறக்கமாட்டன்" என்று அக்காவுக்குப் போனில் சொன்னனீர். திறவும். மீன் வாங்கி வைத்திருக்கிறேன், குழம்பு வையும்.

வாசிகசாலையில் அவன் செத்தவீட்டைப் பகிடியாக எடுத்த படம் ஓடின அன்று, "செத்தவீட்டிலை என்ன பகிடி" என்று சனம் பாதியில் எழும்பிப் போனது. நான் மட்டும் இருந்து சிரித்தனான். அதற்குத்தான் நீர் என்னோடு கதைக்கிறதில்லை. ஆனால் படத்தில் பொய் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகப் பிரேதத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பதும், அதன் முகத்துக்கு நேரே போனைப் பிடிப்பதும் நாங்கள் செய்கிறதுதானே. அழவும் ஏலாமல்தான் அவன் அப்படி எடுத்திருக்கிறான். பசியோடு அனுப்பாதையும்.

நீர் வெளியே போவதென்றால், வீட்டுப் பூட்டின் திறப்பு வழமையான இடத்தில்.

இன்னொன்று. மாமாவின் செத்தவீட்டில் உம்முடைய அண்ணை கனடாவிலிருந்து போனில், "முகம் தெரியேல்லை, அப்பாவைக் கொஞ்சம் இஞ்சாலை திரும்பச் சொல்லுங்கோ" என்றார். நீர் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக் குலுங்கினீர். அழுகிறீர் என்று சனம் நினைத்தது. போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான். இன்றுவரை ஒருத்தருக்கும் சொல்லவில்லை. சுலக்சனுக்கும்தான்.