கழுத்தில் ஆரம் இல்லாத கிளி

எனக்கு எப்போதும் அன்பான அத்தானுக்கு,

உங்கள் வீட்டுக்கு ஒரு கிளி வந்திருக்கிறது. அது உங்கள் கிளி அல்ல. இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தந்தியில் வரும் ஊர்ப்பெயரை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புகிறவன் நான். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

உங்களைக் கொண்டுபோன அன்று நடந்ததை முதலில் சொல்கிறேன். வீடு கழுவுவதற்காகக் கூண்டை முன்வாசலிலிருந்து எடுத்து, கொல்லைப் பலாமரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கதவுக் கம்பியை யாரோ சரியாக மாட்டவில்லை. நாங்கள் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது கூண்டு காலியாக இருந்தது. "அதுவும் அவ்வோ கூடப் போயிட்டு" என்று மட்டும் அக்கா சொன்னாள்.

ஆவணியில் ஒரு நாள் காலை, கிணற்றடித் தூணில் ஒரு கிளி வந்து உட்கார்ந்ததாம். அக்கா பச்சை மிளகாயை நீட்டியதும் பயமில்லாமல் வந்து வாங்கிக்கொண்டது. கூண்டைத் திறந்து காட்டியிருக்கிறாள், உள்ளே போய்விட்டது. எனக்கு ஆள் வந்தது.

நான் வலியசாலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் தெருவே நின்றது. கம்போளச் சந்தையில் உங்கள் மிளகாய் வற்றல் கடைக்கு அடுத்த கடைக்காரர் ஆறுமுகம் பிள்ளை, கூண்டைத் தானே செய்தவர் போலக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கழுத்தப் பாரும் ஓய். ஆரம் எங்கே? கறுப்பும் ரோஸுமா கெடந்துதுல்லா? மொதலாளி போன துக்கத்துல உதுத்துட்டு வந்திருக்கு. வீட்டுக்காரி தாலியக் கழத்தினா, கிளி ஆரத்தக் கழத்திட்டு. நீரு இதப் பேப்பர்ல போடணும், படத்தோட."

"யாரு படம்? கிளிக்கா, உமக்கா?"

"ரெண்டு பேரையும் சேத்து எடுத்தா ஒரு செலவோட போகும்லா."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கூண்டுக்குக் கீழே பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வெறும் கழுத்தையும் கிளியின் வெறும் கழுத்தையும் மாறிமாறிப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி எதற்கு?

"இன்னும் பேசல்ல தம்பி. துக்கம் மாறட்டும். மாறினாப் பேசும்" என்றாள்.

அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாள் முழுவதும் வற்றல் தூசியில் இருந்துவிட்டு வருவீர்கள். நடையில் நின்று ஒரு தடவை தொண்டையைச் செருமுவீர்கள். பிறகு, "ஏட்டி, வெந்நி ஆச்சா?" அந்தச் செருமலையும் சேர்த்தே கிளி படித்துக்கொண்டது. அதன் பேச்சை நம்பி அக்கா எத்தனை நாள் அடுப்பு மூட்டியிருக்கிறாள், நீங்கள் கடையே பூட்டியிராத நேரத்தில்! அந்தக் குரலுக்காகத்தான் பாயை விட்டு எழாமல் இருந்தாள். நாகர்கோவிலிலிருந்து மகள் வந்து அழைத்தும் போகவில்லை. "அது பேசும்போ நான் இங்க இல்லாட்டா?" என்று கேட்டாள். சோறு வைத்தால் இரண்டு வாய்தான்.

நான் கிளியைப் பார்த்தேன். ஆரம் இல்லை என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பெண் கிளிக்கு ஆரமே கிடையாது. ஆனால் அலகு இன்னும் வெளிறிய சிவப்பு. வால் குட்டை. கண்மணியைச் சுற்றி உங்கள் கிளிக்கு இருந்த வெளிர் வளையம் இல்லை, கண் முழுவதும் ஒரே கறுப்பு. இது இந்த வருஷத்துக் குஞ்சு. நீங்கள் இருமலோடு படுக்கையில் விழுந்த மாசி மாதத்தில் இதற்கு இறகுகூட முழுதாக முளைத்திருக்காது.

ஆண் கிளி இறகு உதிர்க்கும், உண்மைதான். ஒன்றிரண்டாக உதிரும், அதே நிறத்தில் மறுபடி முளைக்கும். வந்த ஆரம் போவதில்லை. இது எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் கூடவே இருந்து பார்த்ததுதான். கிளி விற்க வந்த வித்துரா மலைக்காரன் ஆண் குஞ்சு என்று சத்தியம் செய்து விற்றுவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் தாடையைத் தூக்கிப் பார்த்தீர்கள். "அத்தான், இது பொட்டைதான்" என்று நானும் விடாமல் சீண்டினேன். மூன்றாம் வருஷம் அலகுக்குக் கீழே மை இழுத்தது போல ஒரு கோடு வந்தது. பின்னாலேயே பிடரியில் ரோஜா நிறம். தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தீர்கள். அந்தக் கற்கண்டைத் தின்றவர்கள்தான் இன்றைக்கு ஆரம் உதிர்ந்தது என்கிறார்கள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீசில் உட்கார்ந்தால் யுத்தச் செய்திகளுக்கு நடுவில் கிளியின் கண் வந்து நிற்கும். எழுந்து நடப்பேன், மறுபடி உட்காருவேன். சாயங்காலம் கால் தானாக வலியசாலைக்குத் திரும்பும். "சொல்லிச்சா?" என்று நானே கேட்பேன். எதற்குக் கேட்டேன்? சொல்லாது என்று தெரிந்தும் ஏன் கேட்டேன்?

போன மாதம் ஒரு சாயங்காலம், நடையில் கால் வைக்கும்போது உள்ளே அந்தச் செருமல் கேட்டது. "ஏட்டி, வெந்நி ஆச்சா?" செருப்போடு உள்ளே ஓடினேன். கிணற்றடியிலிருந்து அக்கா ஈரக் கையோடு ஓடிவந்தாள். கூண்டுக்கு முன்னால் குனிந்துகொண்டு, ஆறுமுகம் பிள்ளை அதற்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் நெனச்சுக்காத பிள்ளே. மறந்துபோயிருக்கும், ஒண்ணு எடுத்துக்கொடுப்போம்னு..." என்று அக்காவிடம் இழுத்தார்.

அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, இது ஒரு வயசுகூட ஆகாத குஞ்சு. அத்தான் கிளி இல்ல."

"ஆரம் உதுந்தா குஞ்சு மாதிரித்தானே இருக்கும்?"

"ஆரம் உதுந்துதுன்னே வச்சுக்க. கண்ணுல உள்ள வளையம் எங்க போச்சு? நீயே பாரு."

அவள் கூண்டில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஆறுமுகம் பிள்ளை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

அழுவாள் என்று நினைத்தேன். "அப்போ அது?" என்றாள்.

"எது?"

"அவ்வோ கிளி. அது ஆரத்தோடதானே இருக்கும்?"

"ஆமா."

"அப்போ அவ்வோ சத்தமும் அதுகிட்டத்தானே இருக்கும்?"

அத்தான், இத்தனை நாள் கண்ணையும் வாலையும் ஆராய்ந்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

"காணல்லன்னு பேப்பர்ல போடு தம்பி. ஏட்டின்னு கூப்பிடும்னு அடையாளம் போடு" என்றாள். உடனே அவளே, "வேண்டாம். இந்தக் கம்போளத்துல எந்த ஆம்பிளை அப்படிக் கூப்பிடாம இருக்கான்? எல்லாவனையும் பிடிச்சுக் கொண்டுவந்து கூண்டுல அடைக்கவா?" என்று சொல்லிச் சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் உங்கள் கிளியைத் தேடிப் படி இறங்கிவிட்டாள். வருஷம் திரும்பும் முன்னே தாலி அறுத்தவள் தெருவில் நடக்கிறாள் என்று ஜன்னலுக்கு ஜன்னல் பேச்சு. மகளிடமிருந்து கோபமாகக் கடிதம் வந்தது. அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றோரத் தென்னைகளில்தான் கிளிகள் அடைகின்றன. கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு வரும். வண்டி மாடுகளின் மணி, ரேஷன் அரிசி கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்று பாலமே இரைச்சல். அதற்குள் ஒரு செருமலை எப்படிப் பிரித்துக் கேட்பது? "செத்த சும்மா இரும் ஓய், கேக்கட்டும்" என்று பாரவண்டிக்காரனையே அதட்டுகிறாள். நடக்கத் தெம்பு வேண்டும் என்று இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.

காட்டுக் கூட்டத்தோடு சேர்ந்த கிளி வீட்டுப் பேச்சை வைத்திருக்குமா, மறந்துவிடுமா? எனக்குத் தெரியாது. விசாரித்துச் சொல்லக்கூடியவரும் யாரும் இல்லை. துணைக்குப் போனவன் இப்போது நானும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வந்த குஞ்சைப் பற்றிப் பத்திரிகையில் நாலு வரி போட்டேன்: கைக்குப் பழகிய இளங்கிளி, ஆரம் இல்லை, உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம். இன்னும் யாரும் வரவில்லை. இதைக் காணாமல் எந்த வீட்டில் யார் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறார்களோ? உங்கள் வார்த்தையை மட்டும் இதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. அது தானாக ஒன்றைப் படித்துக்கொண்டது. சாயங்காலம் அக்கா வெளியே இறங்கும்போது தாழ்ப்பாள் இழுக்கும் சத்தம். நாங்கள் கிளம்பப் பிந்தினால் அதுவே இழுத்துக் காட்டுகிறது.

நாளையும் போவோம். தெரு என்ன பேசினாலும், அக்கா நடக்கிற வரைக்கும் நான் கூட நடப்பேன். இந்தக் குஞ்சின் தாடையையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தூக்கிப் பார்ப்பேன். என்றைக்காவது அந்தத் தென்னைகளிலிருந்து உங்கள் செருமல் கேட்டால், சத்தியமாக நான் வாய் திறக்க மாட்டேன், ஒரு வரி எழுதவும் மாட்டேன். வெந்நி ஆச்சு என்று அக்காதான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரிக்கு இரண்டடி பின்னால் குடை பிடித்து நடக்கும்
உங்கள் மச்சினன்