மார்புப்பட்டையின் கறுப்புப் பக்கம்

நியூ ஆர்லியன்ஸ்
9 மார்ச் 1999

திரு. வெண்டல் ரோஷோன் அவர்களுக்கு,

சிகாகோவில் இன்னும் பனி விலகவில்லை என்று கேள்வி. உங்களுக்கு ஏற்ற ஊர்தான்.

வெள்ளைக்காரர் கடைகளை எதிர்த்து நாம் நடத்திய கடைமறியலின் முப்பத்தைந்தாம் ஆண்டு விழாவில் நீங்கள் அன்றைய உரையை மறுபடியும் வாசிக்கப் போவதாக நம் கறுப்பினச் சகோதரர் சங்கம் அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறது. "எங்களைப் பொடியன் என்று கூப்பிடும் கடைசி நாள் இது" என்று தொடங்கும் உரை. எழுதியவர் பெயர் அழைப்பிதழில் இல்லை. அது யார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

என் தம்பி ஒக்டேவ் மருத்துவமனையில் இருக்கிறான். நுரையீரலில் புற்று. இரண்டு வாரம் தாங்கினால் அதிகம் என்கிறார்கள். முப்பத்தொரு வருடமாக அவனுக்குத் துணையாக ஒரே வீட்டில் வாழும் தபால்காரர் ஜூல்ஸ்தான் பக்கத்தில் இருந்து வாய் துடைத்துவிடுகிறார். ஒக்டேவ் கேட்பது ஒன்றுதான்: சங்கத்து உறுப்பினனாகவே கல்லறைக்குப் போக வேண்டும். முன்னால் வாத்தியக் குழு, பின்னால் சகோதரர்கள், எல்லார் மார்புப்பட்டையும், சங்கத்தார் சாவுக்குச் செய்வதுபோல, சிவப்பு உள்ளே போய்க் கறுப்பு வெளியே திரும்பியிருக்க வேண்டும்.

இப்போதைய தலைவர் லியொனலை வரவழைத்தேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார். "எங்களுக்கு ஆட்சேபணை இல்லம்மா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. அன்னைக்கு அவர சங்கத்துலேருந்து நீக்கணும்னு தீர்மானம் கொண்டுவந்தவரோ வழிமொழிஞ்சவரோ எழுதிக் குடுத்தாத்தான் ரத்தாகும்." வழிமொழிந்தவர் என் கணவர் ஆல்சைட். ஒன்பது வருடமாகக் கல்லறையில் இருக்கிறார். மிச்சம் நீங்கள். வேறு வழி இருந்தால் உங்களுக்கு ஒரு தபால்தலையைக்கூட வீணாக்கியிருக்க மாட்டேன்.

அந்தத் தீர்மானம் என் சாப்பாட்டு மேசையில்தான் எழுதப்பட்டது. திங்கட்கிழமை. நான் வைத்த சிவப்பு பீன்ஸும் சோறும் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "ஆல்சைட் அண்ணே, வெள்ளைக்காரன் நம்மள ஆம்பளையே இல்லைங்கிறான். நாம ஆம்பளைன்னு காட்டத்தான் தெருவுல இறங்குறோம். இந்த ஒக்டேவ முன்னாடி நிறுத்தினா அவன் சிரிக்க மாட்டானா?" என் கணவர் தட்டைப் பார்த்தபடி கை தூக்கினார். ஒக்டேவ் அடுத்த அறையில் சுவரொட்டிக்கு மை தடவிக்கொண்டிருந்தான். கதவு திறந்துதான் இருந்தது.

நீக்கிய பிறகும் அவன் எழுத்து மட்டும் உங்களுக்கு வேண்டியிருந்தது. ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து நானே கொண்டுவந்து கொடுத்தேன். ஒருநாள்கூட அவன் எப்படி இருக்கிறான் என்று நீங்கள் கேட்கவில்லை. அந்த உரையைக் கொடுத்தனுப்பும்போது அவன் சொன்னான்: "அக்கா, மூச்சு வாங்குற இடத்துலெல்லாம் கோடு போட்டிருக்கேன்னு வெண்டல்கிட்ட சொல்லு. அவனுக்கு மூச்சு சின்னது." அவன் போட்ட கோட்டில் நின்று நின்றுதான் அன்று நீங்கள் ஆண்மையைப் பற்றி முழங்கினீர்கள். கூட்டம் அழுதது. அவன் எதிர்ச்சாரியில், வெயிலில் நின்றான்.

உங்களை மட்டும் குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவனை நீக்கிய கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். கன்னியாஸ்திரீகளிடம் படித்த பெண் அல்லவா, எழுத்துப்பிழை மூன்றைத் திருத்தினேன். வேறொன்றையும் திருத்தவில்லை.

ரத்துக் கடிதம் இணைத்திருக்கிறேன். இரண்டே வரி. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். உங்களுக்கு அப்படிக் குறித்துக் கொடுத்தே எங்கள் வீட்டுக்குப் பழக்கம்.

நேற்று அவனிடம் உங்கள் பெயரைச் சொன்னேன். கண் திறக்காமல் சிரித்தான். "வந்தா வரட்டும்கா. கடைசி வரிசையில நிறுத்து. அவன் கால் தாளத்துக்கு வராது." அவனிடம் கோபம் இல்லை. அதை நான் வைத்திருக்கிறேன்.

கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஆனால் நீங்கள் தாமதிக்க வேண்டாம். அவன் காதில் நானே அந்த இரண்டு வரியை வாசிக்க வேண்டும், வெண்டல். அவனுக்குக் காது கேட்கும்போதே வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஹெர்மின் டுப்லெசி
(ஒக்டேவின் அக்கா)