கிழிந்தது பிரிண்ட் மட்டும்

நெய்வேலி,
14.6.1983

கோமதிக்கு,

உன் அப்பா கிழித்துப் போட்டது பிரிண்ட்டைத்தான். நெகடிவ் என்னிடம் இருக்கிறது. நேற்று அதையே இரண்டடிக்குப் பெரிதாக்கி, நம் குவார்ட்டர்ஸ் ஹாலில் மாட்டிவிட்டேன்.

படத்தில் நான் தின்பது கோழிக்கறிதான். சாம்பியாவில் சுரங்கத்தைப் படமெடுக்கும் வேலையில் இருந்தபோது, கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரனின் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். நான் கேமராவைத் தூக்கினேன். "முதல்ல சாப்பிடு, அப்புறம் எடு" என்றாள். கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவவைத்து, கோழியின் இரைப்பையை எனக்கு வைத்தாள். அங்கே அது வீட்டுத் தலைவனுக்கோ மதிப்பான விருந்தாளிக்கோ வைக்கிற துண்டு. வேண்டாம் என்று சொல்லியிருந்தால்தான் இன்று வெட்கப்படுவேன். என் கேமராவை வாங்கி அவள் மகன் எடுத்த படம் அது.

"செத்ததைத் தின்ன கைக்கா எம் பொண்ணக் குடுத்தேன்?" என்று மாமா கத்தினார். நீ பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வடலூர் பஸ் ஏறிவிட்டாய்.

படத்தை இறக்கமாட்டேன்.

நீ போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. உன் சமையலறையில் இதுவரை முட்டைகூட நுழையவில்லை. சந்தேகமென்றால் வந்து மோந்து பார். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

இன்னமும்
உன் வீட்டுக்காரன்