கேட்டு எடுத்த காட்சி

அண்ணாச்சி,

இன்று காலை கடையைத் திறந்ததும் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் நான்கு சட்டைகளைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். அவள் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டைகள். சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு உப்புப் பாத்தியில் இறங்குவதற்குத் தோதாகத் தோளைப் பிடித்து, கையைக் குறைத்துத் தர வேண்டும். துவைத்துத்தான் கொண்டுவந்திருந்தாள். ஆனாலும் மடிப்பைப் பிரித்ததும் ஈரமும் உப்பும் கலந்த அந்த வாடை வந்தது. தையல் மெஷின்முன் உட்கார்ந்த நான் கொஞ்ச நேரம் மிதிக்கவே இல்லை. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

நீங்கள் முதன்முதலாக என் கடைக்கு வந்ததும் துணிக்காகத்தான். சினிமா எடுப்பவர் என்றால் காரில் வருவார், கூட நாலு பேர் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "உப்பளத்துல ஒரு படம் எடுக்கேன் தங்கச்சி. பத்துப் பொம்பளையளுக்கு உடுப்பு வேணும்" என்றீர்கள்.

புதுச் சேலைகளை நான் உப்புத் தண்ணீரில் முக்கி, நாலு நாள் வெயிலில் போட்டு வெளிற வைத்தேன். பெருமையாகக் காட்டவும் செய்தேன். நீங்கள் முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சாயம் போயிருக்கு. ஆனா இத யாரும் உடுத்தல" என்றீர்கள். மறுநாள் இருவருமாக உப்பளத்துக்குப் போய், புதுச் சேலைகளைக் கொடுத்து அவர்களுடைய பழைய சேலைகளைக் கேட்டோம். "எங்க கிழிசல வச்சு என்னத்தப் பண்ணப் போறிய?" என்று அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு வரப்பு முழுவதும் கேட்டது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

படத்தில் கணவனாக நடித்தவருக்கும் ஒரு பழைய சட்டை தேவைப்பட்டது. நான்தான் வீட்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். என் வீட்டுக்காரருடைய காக்கிச் சட்டை. விசைப்படகுகளில் இன்ஜின் பார்த்தவர். இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெட்டியில் சும்மா கிடக்கும் துணிதானே என்றுதான் நினைத்தேன்.

படப்பிடிப்பன்று அந்த நடிகர் சட்டையைப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி உப்புக் குவியலை நோக்கி நடந்தார். இடது தோளில் நான் போட்ட ஒட்டு தெரிந்தது. அவ்வளவுதான். கையிலிருந்த ஊசிப் பெட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக வராத அழுகை அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் வந்தது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். நீங்கள் பக்கத்தில் வரவில்லை. வருத்தமாக இருந்தது.

ஏன் வரவில்லை என்பது நாலு நாள் கழித்துத் தெரிந்தது. "எக்கா, நீங்க அழுதது படத்துல அப்படி வந்திருக்கு, பாத்தா நெஞ்சு வெடிச்சிரும்" என்று உங்கள் உதவியாளர் பாராட்டாகச் சொன்னார். கேமராவை என் பக்கம் திருப்பியிருக்கிறீர்கள். எனக்குக் கோபமாக வந்தது. நேராக உங்களிடம் வந்தேன்.

"அண்ணாச்சி, எங்கிட்ட கேட்டீயளா?"

நீங்கள் முதலில் வாதாடினீர்கள். படத்தின் உயிரே அந்த ஒரு நிமிடம்தான் என்றீர்கள். எந்த நடிகை வந்தாலும் அப்படி அழ முடியாது என்றீர்கள்.

"நான் நடிக்கலயே. எம் மவ இதத் தியேட்டர்ல பாக்கணுமா? ஊரு பாக்கணுமா? சட்டையத்தான் நான் குடுத்தேன். இதக் குடுக்கல" என்றேன்.

 பிறகு, "தப்புதான் தங்கச்சி. படத்துலேருந்து எடுத்துருதேன்" என்று மட்டும் சொன்னீர்கள். நான் நம்பவில்லை. படம் வந்தபோது பயந்துகொண்டேதான் போய் உட்கார்ந்தேன். அந்தக் காட்சி இல்லை. அது வர வேண்டிய இடத்தில் வெறும் உப்புக் குவியல்தான் தெரிந்தது. அந்த இடம் தொய்வாக இருக்கிறது என்று ஒரு பத்திரிகையில் எழுதியிருந்ததை நீங்களே என்னிடம் வாசித்துக் காட்டினீர்கள். சிரித்துக்கொண்டேதான் வாசித்தீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் நான்கு படங்களுக்கும் நான்தான் உடுப்பு. துறைமுகத்து லாரி டிரைவர் குடும்பத்தைப் பற்றிய படத்துக்காக லாரி நிறுத்தும் ஷெட்டில் போய்க் கைலிகளைக் கேட்டு வாங்கினோம். நர்ஸுகளைப் பற்றிய படத்தில், சட்டைப் பையில் பேனா மை கசிந்த கறை எந்த உயரத்தில் இருக்கும் என்று அரை நாள் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? பாட்டு இல்லை, அடிதடி இல்லை என்று தியேட்டர்காரர்கள் உங்கள் படத்தைச் சீக்கிரமே எடுத்துவிடுவார்கள். "போன வாரம் பாத்தவங்க நம்ம ஊரு ஆளுவதானே, அவங்க சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைக் கடை வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் படம் எப்படி என்று கேட்பீர்கள். ஒரு மீன்காரம்மா, "எங்க வீட்ல நடக்கதயே காட்டுதிய, இதுக்கு ஒரு டிக்கெட்டா?" என்றார். அதைப் பெரிய விருதுபோலச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தீர்கள்.

கடைசிப் படத்துக்கு வருகிறேன், ஒரு தையல்காரப் பெண்ணின் கதை. அதில் கணவன் இறந்த செய்தி போனில் வருகிறது. அந்தப் பெண் உடைந்து அழ வேண்டும். நடிகை நன்றாகத்தான் அழுதாள். ஆறு தடவை அழுதாள். உங்களுக்குத் திருப்தி இல்லை. ஏன் என்று உங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும் என்று தோன்றியது. உங்களைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"எனக்கு ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்தப்போ நான் அழல அண்ணாச்சி. ஒரு கல்யாணப் பொண்ணோட ஜாக்கெட் மெஷின்ல இருந்துச்சு. போன வச்சிட்டு அதத் தச்சி முடிச்சேன். ஊக்கு வச்சேன். நூல வெட்டுனேன். மடிச்சு வச்சிட்டுத்தான் எந்திரிச்சேன். எந்திரிச்சா அது உண்மையாயிரும்னு இருந்துச்சு."

இதை அதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. அன்று நான் போய்ச் சேர்வதற்குள் என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அவள் அத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அப்பாவின் பக்கத்தில் அம்மா இல்லாமல் நின்றிருக்கிறாள். "அப்பா செத்த அன்னைக்கும் நீ தச்சிக்கிட்டுத்தான இருந்த" என்று வளர்ந்த பிறகு ஒருநாள் சண்டையில் சொன்னாள். அதன்பின் எங்களுக்குள் பேச்சு அளவாகத்தான் இருந்தது.

 நான் சொன்னதைக் கேட்டு நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "நடிக்க வந்த பிள்ளைக்கிட்ட இதச் சொல்லி நடிக்க வைக்கவா?" என்று கேட்டீர்கள். நானே செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்று இரண்டு முறை தடுத்தீர்கள். மெஷின்முன் நான் உட்கார்ந்த பிறகும் வந்து, என் உயரத்துக்குக் குனிந்து, "கேமரா ஓடட்டுமா தங்கச்சி?" என்றீர்கள்.

"ஓடட்டும்" என்றேன்.

முகம் தெரியாமல் கைகளை மட்டும் எடுத்தீர்கள். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. நீங்கள் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தீர்கள், நீங்களே.

படம் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்னால் உங்கள் நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டது. தியேட்டர் வாசலில் உங்கள் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தார்கள். நான் மகளைக் கூட்டிப்போயிருந்தேன். எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் காட்சி வந்தது. என் பெருவிரலில் ஊசி ஏறிய தழும்பு திரையில் அத்தனை பெரிதாகத் தெரிந்தது. கைகள் ஊக்கு வைத்தன, நூலை வெட்டின, மடித்தன, மடித்ததையே மறுபடி நீவிவிட்டன. என் மகள் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு இருட்டில் என்னைப் பார்த்தாள்.

"யம்மா, இது உன் கைதான?"

தலையாட்டினேன்.

"அன்னைக்கு இப்படித்தான் இருந்தியா?"

மறுபடி தலையாட்டினேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள், ஆட்கள் எழுந்து போனார்கள், நாங்கள் எழவில்லை. அப்பா இறந்த அந்த வருடத்தைப் பற்றி அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் சொன்னேன். தியேட்டரைப் பெருக்க வந்த அம்மா எங்கள் வரிசையை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்கினார்.

இப்போது அவள் தினமும் கூப்பிடுகிறாள். பெரும்பாலும் ஒன்றுமில்லாத பேச்சுதான், என்ன குழம்பு, மழை உண்டா என்று. என் கைகளை இதற்கு முன்னால் நான் சரியாகப் பார்த்ததே இல்லை அண்ணாச்சி. அன்றைக்கு நிறுத்தாமல் தைத்ததற்காக அவற்றை எத்தனையோ வருடம் வெறுத்திருக்கிறேன். இப்போது வெறுப்பதில்லை.